பதினெட்டாவது பெயர் யாருக்கு?

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஹாக்கிக் குழுவுக்கு நான் நிர்வாகி. இந்தப் பருவத்துக்கான 18 பேர் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். 17 பெயர் எழுதியாகிவிட்டது. கோல் காவலர் இருவர், தற்காப்பில் ஐவர், மத்தியத் திடலில் ஐவர், தாக்குதலில் ஐவர். கடைசிக் கோடு மட்டும் காலி. அந்த ஒரு கோட்டுக்கு மூன்று பெயர் வந்து நிற்கிறது. பயிற்றுநரும் நானும் செயலவையில் இருப்பவர்களும் மூன்று வாரமாகப் பேசியும் முடிவு வரவில்லை. தோட்டப்புறத்துச் சிறு பட்டணத்தில் குழு நடத்துகிற எல்லாருக்கும் இந்த நிலைமை ஒரு நாள் வரும். அதனால் நாங்கள் எதை எதோடு வைத்துப் பார்த்தோம் என்பதை முழுசாக எழுதுகிறேன்.

முதல் பெயர் 37 வயதுக்காரர். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஊருக்கே லோரி அண்ணன். அவருடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்துத் திடலில் காற்பந்து ஆடிக்கொண்டிருந்த பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் ஹாக்கி மட்டையைப் பிடித்தார். எங்கள் குழுவில் இடது விளிம்பிலும் ஆடுவார், நடுமுன்னணியிலும் ஆடுவார், இறங்கி வந்து மத்தியத் திடலிலும் நிற்பார். இரண்டாவது பெயர் 18 வயதுப் பையன், ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம் தேர்வு எழுதி முடித்தவன், வலது விளிம்பில் மின்னல். மூன்றாவது, ஈப்போவிலிருந்து வரத் தயாராக இருக்கும் ஒருவர். கோலுக்கு அருகே எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில், பந்தை மட்டையால் இழுத்துக் கோலுக்குள் வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பது அவர் தொழில் மாதிரி. ஆட்டத்துக்கு இவ்வளவு வெள்ளி என்று கேட்கிறார்.

எங்கள் ஊரில் காற்பந்துக் கண்ணோடு ஹாக்கியைப் பார்ப்பவர்கள் அதிகம். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "முழு ஆட்டமும் ஓடுவாரா?" என்பதுதான். ஹாக்கிக்கு அது பொருந்தாது. இங்கே ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், வெளியே வந்தவர் மறுபடியும் உள்ளே போகலாம். ஆட்டம் 15 நிமிடம் கொண்ட நான்கு கால் பகுதி. நாங்கள் முன்னால் மூன்று பேரை நிறுத்துகிறோம் என்றால், தாக்குதலுக்கு ஓர் ஆட்டத்தில் வேண்டியது 180 நிமிட ஓட்டம். அதை ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 36 நிமிடம், ஆறு பேர் என்றால் 30. எதிரணித் தற்காப்பு பந்தை வெளியே எடுக்கும்போது துரத்தி அடைக்கிற வேலை இப்போது தாக்குதல்காரருடையது. மாலை நாலரை மணி வெயிலில், ஈப்போவின் செயற்கைத் திடலில், அந்த ஆறு நிமிடம் ஒரு பையனின் காலில் நன்றாகத் தெரியும். ஆகவே நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த ஆளுக்கு எத்தனை நிமிடம் கொடுக்கலாம், எந்த நிமிடம் கொடுக்கலாம்?

இனி அண்ணனைப் பற்றி. இவரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"எந்த இடத்திலும் ஆடுவார்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஹாக்கியில் அது எவ்வளவு கடினம் என்பது மட்டையைப் பிடித்தவர்களுக்குத் தெரியும். இடது கைக்காரருக்கென்று தனி மட்டை இந்த ஆட்டத்தில் கிடையாது. எல்லா மட்டைக்கும் தட்டைப் பக்கம் இடப் பக்கத்தில்தான். உருண்டை முதுகால் பந்தைத் தொட்டால் தவறு. அதனால் வலது விளிம்பும் இடது விளிம்பும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றல்ல. வலது விளிம்பில் ஓடுபவர் பந்தைத் தன் வலப்புறம், கோட்டோரமாக வைத்துக்கொண்டு ஓடி, அப்படியே கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் அடிக்கலாம். இடது விளிம்பில் ஓடுபவர் அதே பந்தை உள்ளே அனுப்ப வேண்டுமென்றால், உடம்பைச் சுற்றித் திருப்ப வேண்டும் அல்லது மட்டையைக் கவிழ்த்து அதன் ஓரத்தால் அடிக்க வேண்டும். வலது விளிம்பில் பேர் எடுத்த பையனை இடதுக்கு மாற்றினால் இரண்டு மாதம் பந்து அவன் காலில்தான் இடிக்கும். இரண்டு பக்கமும் ஆடுகிறவர் என்றால் இரண்டு ஆட்டம் கற்றவர் என்று பொருள். அதற்குப் பின்னால் நின்று இடது பாதியையும், அதாவது தற்காப்பின் இடது ஓரத்தையும், ஆடுகிறவர் மூன்றாவதையும் கற்றவர்.

போன பருவத்தில் ஈப்போவில் நடந்த ஓர் ஆட்டம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. 2-1 என்று முன்னால் இருந்தோம், ஒன்பது நிமிடம் மிச்சம். எங்கள் இடது பாதி ஆட்டக்காரருக்குப் பச்சை அட்டை. பச்சை அட்டை என்றால் இரண்டு நிமிடம் வெளியே, அதுவரை பத்துப் பேர். எதிரணியின் வலது விளிம்புக்காரன் நல்ல வேகம், அன்று முழுவதும் அந்தப் பக்கம்தான் எங்களை அறுத்துக்கொண்டிருந்தான். பயிற்றுநர் யாரைப் பின்னால் இழுப்பது என்று சொல்வதற்குள், நடுமுன்னணியில் நின்ற அண்ணன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓடவில்லை, நடந்தார். மூச்சை மிச்சம் பிடிக்கிற நடை அது. போகிற வழியில் மத்தியத் திடல் பையனின் தோளைத் தொட்டு இரண்டடி உள்ளே தள்ளி நிறுத்தினார்.

அந்த விளிம்புக்காரன் உடனே வந்தான். இடது பாதியில் நிற்பவருக்கு இருக்கிற தொல்லை என்னவென்றால், எதிரே வருகிறவன் பந்தைக் கோட்டோரமாகக் கொண்டு வருவான், அது நம்முடைய கவிழ்த்த மட்டைப் பக்கம். அவசரப்பட்டு எட்டி வெட்டினால் பந்தும் போகும், ஆளும் போவான். அண்ணன் எட்டவே இல்லை. உடம்பைச் சாய்வாக நிறுத்தி, அவனோடு பின்னோக்கி ஓடி, கோட்டுக்கும் தமக்கும் நடுவே இருந்த இடத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். பந்து அவன் மட்டையை விட்டு ஒரு சாண் விலகிய நேரத்தில் மட்டையைத் தரையோடு படுக்க வைத்தார், அவ்வளவுதான். பந்து அவன் பாதத்தில் பட்டு வெளியே போனது. இரண்டு நிமிடத்தில் இதையே இரண்டு முறை செய்தார். இடது பாதிக்காரர் திரும்பி வந்ததும் மறுபடி முன்னால் போய், எதிரணி மூலையில் பந்தை வாங்கி, உடம்பால் மறைத்து நின்றார். அவர்கள் பின்னாலிருந்து இடித்தார்கள், எங்களுக்கு ஃப்ரீ ஹிட். எடுத்தார், மறுபடி மூலை, மறுபடி இடி. நேரம் அப்படியே கரைந்தது. 2-1 என்றே முடிந்தது.

கோல் அடித்தவர்களின் பெயர்தான் ஆட்டத் தாளில் இருந்தது, அண்ணன் பெயர் அதில் எங்குமே இல்லை. ஆனால் முன்னால் இருக்கும் ஆட்டத்தை முடித்து வைப்பது தனிக் கலை, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது மலேசிய ஹாக்கி ரசிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அரையிறுதியில் இந்தியாவைச் சமநிலைக்குப் பிறகு வரும் ஷூட்-அவுட்டில் வீழ்த்தினோம். இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முன்னிலையில் இருந்தும் 6-6 என்று சமநிலையானது, ஷூட்-அவுட்டில் தங்கம் போயிற்று. தங்கத்தோடு நேரடி ஒலிம்பிக் வாய்ப்பும் போயிற்று. நாம் கடைசியாக ஒலிம்பிக் ஹாக்கியில் ஆடியது 2000ல், சிட்னியில். அந்தக் குழுவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அந்த ஆட்டம் தந்த வலி இன்றும் ஆறவில்லை. அதற்குப் பிறகு ஆட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் கடைசி எட்டு நிமிடத்தில் இவர் என்ன செய்வார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அண்ணனிடம் இன்னொரு வேலையும் இருக்கிறது. பெனால்டி கார்னரில் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுப்பவர் அவர். பார்ப்பவர்கள் கண்ணில் படாத வேலை. ஒரு கால் கோட்டுக்கு வெளியே, மட்டையைப் பந்தின் பின்னால் ஒட்ட வைத்து, தாழ உட்கார்ந்து, தட்டாமல் இழுத்துத் தள்ள வேண்டும். தட்டினால் பந்து துள்ளும், நிறுத்துபவர் தடுமாறுவார், அந்த அரை வினாடியில் கோலிலிருந்து பாய்ந்து வரும் தற்காப்புக்காரர் வந்து சேர்ந்துவிடுவார். பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் அண்ணன் இருபது பந்தை வரிசையாக வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் மட்டையின் நுனியில் வண்ணம் முழுசாகத் தேய்ந்து உள்ளிருக்கும் நார் தெரிகிறது.

இப்போது குறைகள். மறைக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் பத்து மீட்டர் ஓட்டம் போய்விட்டது. நீளப் பந்தைத் துரத்திப் பிடிப்பது இனி அவரால் ஆகாது. சனிக்கிழமை ஆடினால் ஞாயிற்றுக்கிழமை பின்தொடை இறுகிக்கொள்கிறது, அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருக்கும் போட்டியில் இது பெரிய சங்கதி. குலை அதிகமாக விழுகிற மாதங்களில் லோரி இரவிலும் ஓடும், அப்போது பயிற்சிக்கு வர முடியாது. இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. அவர் திடலில் இருந்தால் பையன்கள் முடிவெடுப்பதில்லை. பந்தை வாங்கியவுடன் முகத்தை நிமிர்த்தி அவர் எங்கே என்று தேடுகிறார்கள். அவர் குரலுக்குக் காத்திருக்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளை தவறாகவாவது ஒரு முடிவை எடுத்துப் பழக வேண்டும். அவர் கூடவே நின்றால் அந்தப் பழக்கம் எப்போது வரும்? பயிற்றுநர் இதைச் சொன்னபோது என்னால் மறுக்க முடியவில்லை.

தன்ராஜ் பிள்ளையைக் காட்டி வாதாடுபவர்களும் செயலவையில் இருக்கிறார்கள். தமிழ்ப் பெற்றோருக்குப் பூனாவில் பிறந்து, 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியாவுக்கு முன்னணியில் ஆடி, 36 வயதில் ஏதென்ஸ் போனவர். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் மேல் தீராத பாசம். ஆனாலும் அந்த எடுத்துக்காட்டை நான் ஒதுக்கிவிட்டேன். அவர் முழுநேர ஆட்டக்காரர். எங்கள் அண்ணன் விடியற்காலை நாலு மணிக்கு லோரியைக் கிளப்புகிறவர். இரண்டு உடம்பையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

பையன் விஷயம் வேறு மாதிரி. அவனிடம் இருப்பது யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாத ஒன்று: எதிராளி திரும்புவதற்குள் ஐந்து மீட்டர் தாண்டிவிடுகிற கால். ஹாக்கியில் ஆஃப்சைடு விதி 1990களிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் இப்படி ஒரு காலை முன்னால் நிறுத்தி வைத்தாலே எதிரணித் தற்காப்பில் இருவர் முன்னேறப் பயப்படுவார்கள். பந்து அவனுக்கு வராவிட்டாலும் அவன் வேலை நடந்துகொண்டிருக்கும். அண்ணனால் இது முடியாது, எங்கள் ஐந்து தாக்குதல்காரரில் ஒருவரால்தான் முடியும்.

அவனிடம் இல்லாதவை பல. இடது பக்கம் தெரியாது. புல் திடலில் வளர்ந்த கை, செயற்கைத் திடலில் பந்து இவ்வளவு வேகமாக வரும் என்று இன்னும் நம்பவில்லை, முதல் தொடுதலிலேயே பந்து ஒரு மீட்டர் துள்ளிவிடுகிறது. எங்கள் ஊரில் இருப்பது புல் பாடாங்தான், அதாவது ஊர்த் திடல். செயற்கைத் திடலுக்கு வாரத்தில் ஒரு நாள் ஈப்போ போய் வருகிறோம், காடிக்கு எண்ணெய்க் காசு எல்லாரும் பங்கு போட்டு. துரத்தி அடைக்கும்போது பந்தைப் பார்த்தே ஓடுகிறான், அதனால் எதிராளியின் ஒரே ஒரு ஏமாற்றில் விழுந்துவிடுகிறான். போன செவ்வாய்க்கிழமை அண்ணன் அவனை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னது என் காதில் விழுந்தது: "தம்பி, பந்தை அப்புறம் பாரு. அவன் இடது தோள் எந்தப் பக்கம் திரும்புதோ, அங்கதான் பந்து போகும். தோள் திரும்பறப்பவே நீ கிளம்பிடு." அடுத்த பத்து நிமிடத்தில் பையன் இரண்டு பந்தை மறித்துவிட்டான்.

எங்களைப் போன்ற பட்டணத்தில் இளைஞனை வெளியே உட்கார வைப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, பெரிய நகரத்துக் குழுக்களுக்கு அது தெரியாது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊரில் வேலை இல்லை. தோட்டத்து வேலை அவர்களுக்கு வேண்டாம், அதைப் பெற்றோரும் விரும்புவதில்லை. பினாங்குத் தொழிற்சாலை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். ஹாக்கி ஒன்றுதான் சிலரைச் சனி ஞாயிறில் ஊருக்கு இழுத்து வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்றால் ஃபுட்சால் ஆடப் போவான், அல்லது பஸ் ஏறுவான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அடுத்த வருடம் அவன் இங்கே இருக்க மாட்டான். அப்படி நான் இழந்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு முழுக் குழு வரும். எனவே பையனை வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிதான காரியமில்லை.

மூன்றாமவருக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் 1975ஐ எடுத்து முன்னால் வைக்கிறார்கள். கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதி. நாம் இந்தியாவை 2-1 என்று முந்தி நின்றோம். மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னரில் கோல் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலில் இந்தியா 3-2 என்று வென்று, இறுதியில் பாகிஸ்தானையும் வென்றது. நமக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் நம் நாட்டின் மிகச் சிறந்த முடிவு இன்றைக்கும் அதுதான். ஒரு கார்னர் ஆட்டக்காரர் ஒரு நாட்டின் கனவைத் தட்டிப் பறித்த கதை அது, எங்கள் பெரியவர்கள் இன்னும் நேற்று நடந்தது போலச் சொல்வார்கள்.

ஆனால் இன்றைய விதியைப் பார்க்க வேண்டும். பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட பிறகு, அது முடியும்வரை ஆட்டக்காரரை மாற்ற முடியாது. கார்னர் கிடைத்தவுடன் பெஞ்சிலிருந்து ஃபிளிக் அடிப்பவரை அனுப்பலாம் என்பது நடக்காத கணக்கு. கார்னர் கிடைக்கும் நேரத்தில் அவர் ஏற்கெனவே திடலில் இருந்தால்தான் பயன். அப்படி இருக்க வேண்டுமானால் மற்ற நேரத்திலும் அவர் ஓட வேண்டும், பந்து பிடிக்க வேண்டும், துரத்த வேண்டும். எங்களோடு இரண்டு பயிற்சியில் ஆடிப் பார்த்தார். ஃபிளிக் அருமை, பந்து வலையின் மேல் மூலையில் இடித்த சத்தம் பாடாங் ஓரத்து வீடுகள்வரை கேட்டிருக்கும். மற்ற நேரத்தில் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் மற்ற பத்துப் பேர் ஓட வேண்டும். தவிர, கார்னர் வாங்கித் தருவதற்கு முதலில் வட்டத்துக்குள் பந்து போக வேண்டுமே. காசு பற்றிப் பேசவே வேண்டாம். அவருக்குக் கொடுக்கும் தொகையில் பையன்கள் பாதிப் பேருக்குக் காலணி வாங்கலாம்.

இந்த இடத்தில் நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பயிற்றுநர் பால் வான் ஆஸ் இரண்டு மூத்தவர்களைத் தேசியக் குழுவிலிருந்து வெளியே எடுத்தார். ஒருவர் டூன் டி நோயர், மத்தியத் திடலிலும் முன்னணியிலும் ஆடுபவர், ஓய்வு பெறுவதற்குள் மொத்தம் 453 அனைத்துலக ஆட்டங்கள் ஆடியவர். மற்றவர் டாக்கே டாக்கெமா, உலகம் அறிந்த டிராக் ஃபிளிக்காரர். இளைஞர்களை வைத்துக் கட்டப்போகிறேன் என்ற முடிவு. சில மாதத்தில் டி நோயர் திரும்ப அழைக்கப்பட்டார், 36 வயதில் லண்டனில் ஆடினார், நெதர்லாந்து இறுதிவரை போய் ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்று வெள்ளி வாங்கியது. டாக்கெமா லண்டனுக்குப் போகவில்லை. ஃபிளிக் அடிக்க இளையவர்கள் கிடைத்துவிட்டார்கள். இந்த ஒரு சம்பவத்தை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் குழு 16 பேர்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆள் குறையக் குறைய, ஒரே ஆளாக இருந்து இரண்டு மூன்று இடத்தை நிரப்புகிறவரின் விலை ஏறுகிறது. ஒரே வேலைக்காரரின் இடத்தை இன்னொரு ஒரே வேலைக்காரர் எடுத்துக்கொள்ள முடிகிறது.

நாலாவதாக ஒரு யோசனையும் வந்தது: அண்ணனைத் துணைப் பயிற்றுநராக்கி, மரியாதையாக ஓரத்தில் உட்கார வைக்கலாம். அவரிடமே கேட்டோம். "கால் நிக்கட்டும், அப்புறம் உட்கார்றேன்" என்றார். எனக்கும் அது சரியாகப்படவில்லை. பச்சை அட்டை வந்த அந்த இரண்டு நிமிடத்தில் ஓரத்திலிருந்து யார் கத்தினாலும் 55 மீட்டர் அகலத் திடலின் மறுபக்கம் நிற்பவன் காதில் விழாது. அங்கே ஒருவர் நடந்து போய்த் தோளைத் தொட வேண்டும்.

ஆக மூன்றாமவரை விட்டுவிட்டோம். மிச்சம் அண்ணனா, பையனா. இரண்டு கூட்டத்தில் கைகள் பாதிப் பாதியாக உயர்ந்தன. பிறகு ஓர் இரவு ஒரு தாளை எடுத்து நிமிடங்களை எழுதிப் பார்த்தேன், அப்போதுதான் நாங்கள் தப்பான கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

அண்ணனைத் தாக்குதல் பட்டியலில் வைத்ததுதான் எங்கள் தவறு. தாக்குதலில் ஐந்து பேரோடு பையனையும் சேர்த்தால் ஆறு. மத்தியத் திடலில் மூன்று இடம், அதற்கும் ஓர் ஆட்டத்துக்கு 180 நிமிடம்தான். அங்கே ஐந்து பேர் வைத்திருக்கிறோம். அதை நான்காக்கினால் ஆளுக்கு 42 நிமிடம், மொத்தம் 168. மிச்சம் 12. அதை அண்ணன் ஆடுவார். முன்னணியில் ஆறு பேர் ஆளுக்கு 28 நிமிடம், அதுவும் 168. மிச்சமுள்ள 12ஐயும் அண்ணன் ஆடுவார். ஆக ஓர் ஆட்டத்தில் அவருக்கு 24 நிமிடம், 37 வயது உடம்புக்கு அது தாங்கும். யாருக்காவது அடிபட்டாலோ அட்டை கிடைத்தாலோ இடது பாதிக்கும் அவர் இருக்கிறார். பல இடம் ஆடுகிற மூத்தவரின் மதிப்பு அவர் போடுகிற கோலிலோ ஓடுகிற ஓட்டத்திலோ முழுசாகத் தெரியாது. அவர் இருப்பதால் பட்டியலில் இன்னொருவருக்கு இடம் பிறக்கிறதே, அதில்தான் தெரிகிறது. அண்ணன் இல்லாமல் பையனை எடுத்தால் மத்தியத் திடலில் ஐந்து பேர் கட்டாயம் வேண்டும், தற்காப்பில் ஒருவர் விழுந்தால் போட ஆள் இல்லை. அண்ணன் இருந்தால் பையன் நிம்மதியாக வலது விளிம்பை மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

பயிற்றுநர் ஒரு நிபந்தனை வைத்தார், நானும் ஒப்புக்கொண்டேன். முதல் கால் பகுதியில் அண்ணன் இறங்க மாட்டார். அந்தப் பதினைந்து நிமிடம் பையன்கள் தாங்களாகவே யோசித்து ஆட வேண்டும். அடுத்த மூன்றிலும் எட்டு எட்டு நிமிடம். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருந்தால் இரண்டாம் நாள் பாதிதான். அண்ணன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். கார்னருக்குப் பந்து தள்ள முதல் கால் பகுதியில் யார் என்று மட்டும் கேட்டார். அதைப் பையனுக்குச் சொல்லித் தருவதாக அவரே ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கணக்கில் ஒருவன் வெளியே போகிறான். ஐந்தாவது மத்தியத் திடல்காரன், 26 வயது, ஒரு பயிற்சிகூடத் தவறவிட்டதில்லை. தவறு எதுவும் செய்யவில்லை. ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை. நேற்று மாலை அவன் வேலை செய்யும் டயர் கடைக்குப் போனேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான், என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, ஒன்னு கேட்கிறேன். லோரி அண்ணன் என்னைவிட ஓடுவாரா?"

"ஓட மாட்டாரு."

"அப்புறம்?"

தாளை எடுத்துக் காட்டினேன். பருவத்தின் நடுவில் இரண்டு பேரை மாற்ற எங்கள் போட்டியில் இடம் இருக்கிறது, அதில் முதல் பெயர் அவனுடையது என்பதையும் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. தாளை இரண்டு கையாலும் பிடித்து, அடுக்கி வைத்திருந்த டயர் மேல் விரித்து, ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மூன்றாவது கால் பகுதிக் கட்டத்தில் விரலை வைத்தான். கறுப்பு மை மாதிரி அவன் விரல் ரேகை அங்கே பதிந்தது.

"இது தப்புண்ணே. பாதி நேரத்துல உட்கார்ந்து எழுந்தா அவருக்குத் தொடை பிடிச்சிக்கும். நான்தான பக்கத்துல ஆடுறேன், எனக்குத் தெரியும். மூணாவதுல முதல் அஞ்சு நிமிஷம் அவரை இறக்காதீங்க. ஓரத்துல ஓடவிட்டு, சூடேறின பிறகு அனுப்புங்க."

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, எட்டு நிமிடத்தையும் அந்தக் கால் பகுதியின் கடைசிப் பத்துக்குள் தள்ளி எழுதினேன். பயிற்றுநருக்கு அனுப்பினேன், சரி என்றார். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு வருவாயா என்று அவனிடம் கேட்க நான் மறந்துவிட்டேன். ராத்திரி பத்து மணிக்கு அவனே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான், ஈப்போ போக அவன் காடியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறதாம்.